கருவாயன் பார்க்கப் போன யானை

பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடை வாசலில் கருவாயன் என்றொரு நாய் இருந்தது. அதற்கு வாய் கறுப்பு. பேச்சோ ரொம்பப் பெரிது!

"காட்டு யானையைப் பார்க்கப் போறேன்! தனியாப் போய், ஒரு ராத்திரி ஆத்துப் பள்ளத்தாக்குல தங்கிட்டு வருவேன்!" என்று ஒருநாள் அது அறிவித்தது.

"பார்க்காம வந்தா?" என்று கேட்டது செவலை நாய். அதற்கு அந்த வாசல்மேல் வெகுநாளாகவே ஒரு கண்.

"வந்தா இந்த வாசல் உனக்கு!"

தினமும் எலும்பு விழுகிற வாசல் அது. இப்படியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது!

கருவாயன் முதுகில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. பைக்குள் காய்ந்த பரோட்டா, ஒரு எலும்பு, படுக்க ஒரு சாக்கு.

ஆற்றங்கரை முழுக்க மருத மரங்கள். கருவாயன் முதல் மரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கியது. புது இடத்துக்குப் போனால், வந்த சேதியைச் சொல்லிவைப்பது நாய்களின் மரியாதை அல்லவா? அடுத்த மரத்திலும் சொன்னது. பாறையிலும் சொன்னது. ஒரு புதரைக்கூட விடவில்லை!

பொழுது சாய்ந்தது. சாக்கை விரித்துப் படுத்தது. பக்கத்தில் புல் அசைந்தது.

"யாருடா அது!" என்று குரைத்தது. அசைவு நின்றது.

கொஞ்ச நேரத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. "யாருடா அங்க!" அதுவும் நின்றது.

"என்ன காடு இது! ஒரு ஈ, காக்கா இல்லையே!" என்று அலுத்துக்கொண்டே கருவாயன் தூங்கிப்போனது.

விடிந்ததும் பார்த்தால், ஈர மணலெல்லாம் முறம் முறமாக யானைக் காலடிகள்! கருவாயனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடை வாசல் கைவிட்டுப் போகப்போகிறதே!

ஆற்றில் மீன் தின்றுகொண்டிருந்த நீர்நாய் தலையைத் தூக்கியது. "என்ன தம்பி, கண்ணு கலங்குது?"

"யானை பார்க்க வந்தேன் அக்கா. ஒண்ணுகூடக் கண்ணுல படலையே!"

நீர்நாய் விழுந்து விழுந்து சிரித்தது. "எப்படிப் படும்? மரத்துக்கு மரம் 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு சொல்லி வச்சிருக்கியே! அந்த வாடைக்கே மானெல்லாம் மேட்டுல ஏறிடுச்சு. தண்ணி குடிக்க வந்த யானைங்க, நீ போட்ட சத்தத்துல மூங்கிலுக்குள்ளேயே நின்னுடுச்சு. 'அது ஏம்மா தனியாக் கத்துது?'ன்னு குட்டி யானை கேட்டுச்சு!"

"அப்போ எல்லாரும் இங்கேயேதான் இருந்தீங்களா?"

"நீ தூங்குற வரைக்கும் உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்! நீ தூங்கின பிறகுதான் யானைங்க தண்ணியே குடிச்சது."

கருவாயன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. செவலை வாசலிலேயே மறித்தது.

"யானையைப் பார்த்தியா?"

பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காட்டுக்குப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் வெட்கத்தில் கருவாயனுக்குப் பொய்கூட வரவில்லை.

"நான் பார்க்கலைப்பா. யானைதான் என்னைப் பார்த்துச்சு!" என்று சொல்லிவிட்டு, வாசலைவிட்டு இறங்கிப் போனது.

போகிற இடமெல்லாம் தன்னையே காட்டிக்கொண்டிருப்பவருக்கு, அங்கே இருக்கிற எதுவும் கண்ணில் படாது.