பெடியன்

குரு என்றால் தாடியும் மலைக்குகையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் யோகவதி அம்மாவைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அவருடைய மூத்த சீடர் குலசிங்கத்துக்கு அறுபத்தொன்று.

குலசிங்கம் பலசரக்குக் கடைக்காரர். ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அது வெல்லமாக இனிக்கும்.

அன்று அவர் படியிறங்கி வந்தபோது முகம் கறுத்திருந்தது. வாசலில் தியான வகுப்புக்கு வந்தவர்களின் பனி ஒட்டிய சப்பாத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. தன்னுடையதையும் அவற்றின்மேல் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, வளர்த்த கடா மார்பில பாஞ்சிட்டுது."

"எந்தக் கடா?"

"என்ர கடைப் பெடியன். வந்த நாள் துவக்கம் என்னோட நிண்டவன். இருக்க அறை குடுத்தன், சாப்பாடு குடுத்தன், சம்பளமும் ஒழுங்கா குடுத்தன். இப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் சொந்தமா கடை போடுறான். நாளைக்குத் திறப்பு. நன்றி கெட்டவன்! அவனுக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

குலசிங்கம் தலை குனிந்தார். "மொத்த வியாபாரி என்ர சிநேகிதன். காலமை ஃபோன் எடுத்து, உவனுக்கு ஒரு மூட்டை அரிசியும் இறக்க வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டன்."

வகுப்புக்கு வந்தவர்கள் பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெடியன்," என்றார் அம்மா சத்தமாக. "உந்தச் சப்பாத்துகளை ஒருக்கா அடுக்கி விடு."

குலசிங்கம் திரும்பிப் பார்த்தார். பெடியன் என்று கூப்பிடக்கூடிய சின்னப் பையன் ஒருவனும் அங்கே இல்லை.

"ஆரைச் சொல்லுறியள்?"

"உன்னைத்தான், பெடியன். கெதியா அடுக்கு."

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. குலசிங்கத்துக்குக் காதுவரை சுட்டது. குருவின் சொல்லைத் தட்டவும் முடியவில்லை. எழுந்துபோய்க் குனிந்தார். ஈரச் சப்பாத்துகளைச் சோடி சேர்த்து வைத்தார். முதுகு நோகவில்லை, வேறெங்கோ நொந்தது. திரும்பி வந்து சொன்னார்.

"அம்மா, நான் பேரன் கண்ட மனுசன்."

"உங்கட பெடியனுக்கு எத்தினை வயது, அண்ணை?"

"ஐம்பத்தைஞ்சு இருக்கும்."

"ஊரில என்ன செய்தவர்?"

"கூட்டுறவுச் சங்கத்தில மனேஜர்."

அம்மா கேட்டார். "நீங்கள் ஏன் கடை போட்டனீங்கள்?"

கோயில் மேடைகளில் சொல்ல இதற்கு அவர் ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருந்தார். பிள்ளைகளின் எதிர்காலம், சொந்தக் கால், தமிழனின் உழைப்பு. அது வாய்வரை வந்து அப்படியே நின்றுவிட்டது.

"வந்த புதுசில ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினனான்," என்றார் மெதுவாக. "முதலாளி என்னை விட இளையவன். எனக்கு அப்ப ரெண்டு பிள்ளையள். ஒருநாள் மனுசி பிள்ளையளோட அங்க வந்தவள். அவையளுக்கு முன்னால 'டேய் பெடியன், மேசையைத் துடை' எண்டான். துடைச்சன். மூத்தவன் என்னையே பார்த்துக்கொண்டு நிண்டான்."

"பிறகு?"

"வேலையை விட்டன். கடை போட்டன்."

"அந்த முதலாளி என்ன சொன்னவர்?"

"நன்றி கெட்டவன் எண்டு."

தான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் நின்ற அந்த மனுசன் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார். அத்தனை வருடமும் மனதுக்குள் என்ன பாடு பட்டாரோ!

குலசிங்கம் அவசரமாக ஃபோனை எடுத்தார்.

"மச்சான், காலமை நான் சொன்னதை விடு. என்ர புத்தி பிசகிப் போச்சு. நாளைக்குத் திறக்கிற கடைக்கு அரிசி, மா எல்லாம் இண்டைக்கே ஏத்தி விடு. பிந்தினால் நான் பொறுப்பு."

"சரியடாப்பா, லொறி நிக்குது," என்றது மறுமுனை. "ஆற்ற பேருக்குப் பில் போடுறது?"

குலசிங்கம் வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. கடையில் எல்லாருக்கும் அந்த மனுசன் பெடியன்தான். சம்பளச் செக்கில் ஏதோ ஒரு நீளப் பெயர் இருக்கும். கணக்குப் பிள்ளை எழுதித் தருவார், இவர் பாராமலே கையெழுத்து வைப்பார்.

"ஹலோ? பேரைச் சொல்லன்!"

கண் கலங்க அவர் அம்மாவைப் பார்த்தார்.

"கடைக்கு மேல பெரிசா எழுதிப் போட்டிருக்கிறார், அண்ணை," என்றார் அம்மா. "போய் வாசியுங்கோ."