எல்லைக்கல்லில் ஒரு கட்டில்

கொன்றைப்பாடியை ஆண்ட கெங்கைய ராயருக்கு நோய் என்றாலே பிடிக்காது. நோயாளிகளை அதைவிடப் பிடிக்காது. ஒருநாள் பறையறைந்து ஆணை போட்டார்: எந்த ஊரில் காய்ச்சல்காரர் இருக்கிறாரோ, அந்த ஊர் வைத்தியருக்கு வேலை போகும்.

அடுத்த பௌர்ணமிக்குள் நாட்டில் ஒரு நோயாளியும் இல்லை. அரண்மனை வைத்தியர் மாத்ருபூதப் பண்டிதர் சபையில் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ராயரும் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அதே சபையில் விடங்கன் என்றொருவன். அவனுடைய வாய்த்துடுக்குக்காகவே ராயர் சோறு போட்டு வைத்திருந்தார். அவன் வெளியூர் போய்த் திரும்பும்போது, எல்லைக்கல் அருகே குயவர் வீட்டுப் பூவாயி கயிற்றுக்கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அவள் ஊர் வைத்தியர் ஆள் வைத்து அவளை அடுத்த ஊர் எல்லைக்குள் இறக்கியிருக்கிறார். அந்த ஊர் வைத்தியர் மட்டும் சளைத்தவரா? திருப்பித் தூக்கி வைத்துவிட்டார். காலையிலிருந்து கட்டில்தான் ஊர்வலம் போனதே தவிர, ஒரு மடக்குக் கஷாயம் வரவில்லை.

விடங்கன் அவளைத் தன் வீட்டில் சேர்த்துவிட்டு ராயரிடம் முறையிட்டான். நோயாளியே இல்லாத நாட்டில் எவளைச் சொல்கிறாய் என்று அவர் சிரித்துவிட்டார்.

ஐப்பசி மழையில் நனைந்து ராயருக்கே காய்ச்சல் வந்தது. பண்டிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இது காய்ச்சல் இல்லை பிரபு, வீரத்தின் சூடு" என்றார்.

ராயரும் வீரமாக நடுங்கி, அசந்து தூங்கிப்போனார். வேலை போய்விடுமே என்று புலம்பிய பண்டிதரிடம், ஊர் வைத்தியர்கள் செய்வதையே செய்யச் சொன்னான் விடங்கன்.

ராயர் கண் விழித்தபோது தலைக்கு மேல் வேப்பமரம். பக்கத்தில் பகைநாட்டு எல்லைக்கல். விடங்கன் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடேய், என்னை ஏன் இங்கே கொண்டுவந்தாய்?"

"நானில்லை பிரபு, தங்கள் ஆணைதான் கொண்டுவந்தது. அரண்மனையில் இப்போது நோயாளியே இல்லை."

"பகைவன் ஆட்கள் பார்த்தால் சிறைபிடிப்பார்களே."

"பார்த்துவிட்டார்கள் பிரபு. தாங்கள் தூங்கும்போது கட்டில் அந்தப் பக்கம்தான் இருந்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். மறுபேச்சில்லாமல் இந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்டு ராஜாவும் தங்களைப் போலவே ஆணை போட்டிருக்கிறாராம்."

காய்ச்சலோடு காய்ச்சலாக ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆணை அங்கேயே மாறியது. மருந்து கொடுக்காத வைத்தியருக்குத்தான் இனி வேலை போகும்.

மறுநாளே நாடு முழுக்க நோயாளிகள் முளைத்தார்கள். எல்லார் கையிலும் கஷாயம் இருந்தது.