துள்ளினால் கஞ்சி, துவண்டால் ஓட்டம்

தாமரைக் குளத்தை ஒட்டிய காட்டில் பூங்காவனம் என்றொரு பெண் கரடி இருந்தது. பெயர்தான் பூங்காவனம், வாயைத் திறந்தால் முள்வேலி! யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு ஒரு கூடை வார்த்தை கொட்டாமல் விடாது. அதனால் எல்லாரும் அதன் குகையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

ஒருநாள் சந்தைக்குப் போன வண்டி காட்டுப் பாதையில் குலுங்கியது. ஒரு கூடை கவிழ்ந்தது. அதிலிருந்து ஒரு நாய்க்குட்டி உருண்டு, புதருக்குள் விழுந்து, எழுந்து, நேராகக் கரடியின் குகைக்குள் நுழைந்தது.

"ஏய்! யாரு நீ? எழுந்து போ!" என்று கரடி உறுமியது.

நாய்க்குட்டி கொட்டாவி விட்டது. கரடியின் வயிற்று மயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அவ்வளவுதான்! உறுமின வாய் அப்படியே கொஞ்ச ஆரம்பித்தது.

"என் ராசா! என் தங்கம்! உருண்டு வந்த என் உருண்டையே!"

உருண்டை என்பதே அதற்குப் பெயராகிவிட்டது.

குட்டி கண் விழித்ததும் கரடி விருந்து வைத்தது. தேன் கொடுத்தது. புற்றைக் கிளறி ஈசல் கொடுத்தது. இலுப்பைப் பூவை அள்ளி அள்ளிக் கொடுத்தது. தனக்கு எது உசத்தியோ, அது பிள்ளைக்கும் உசத்தி என்று கரடி நினைத்தது. நேற்றுவரை தாய்ப்பாலும் சோறும் உண்ட வயிறு இது என்று அதற்கு யார் சொல்வது?

மறுநாள் காலையில் உருண்டைக்கு வயிறு கலங்கியது. முதலில் புதரோரம் போனது. அப்புறம் குகை வாசலில் போனது. அதற்கப்புறம் கரடியின் காலிலேயே போய்விட்டது.

"ஐயோ!" என்று கரடி அலறியது. "ஐயோ! ஐயோ! என் புள்ள தண்ணியாக் கரையுதே!"

கோமளா என்ற காக்கை பறந்து வந்தது. "என்னக்கா ஆச்சு?"

"உருண்டைக்கு வயித்தால போகுதுடி!"

காக்கைக்கு அது போதாதா? வேப்பமரத்தில் உட்கார்ந்து, "உருண்டைக்கு வயித்தால போகுது!" என்றது. புளியமரத்துக்குப் போனபோது, "உருண்டைக்கு உசுரு ஊசலாடுது!" என்றது. ஆலமரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், "பாவம், நல்ல குட்டி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. கொண்டுபோனதை நோயாளி ஒரு வாயாவது தின்று காட்ட வேண்டும். தின்னாவிட்டால் கொண்டுபோனவருக்கு அவமானம்.

முயல் கிழங்கோடு வந்தது. காட்டுப்பன்றி காளானோடு வந்தது. வீரையன் என்ற குரங்கு ஒரு மடி நாவல் பழத்தோடு வந்து குதித்தது.

"அக்கா, துவர்ப்புதான் பேதியைக் கட்டும். என் முகத்துக்காக ஒரு வாய் தின்னச் சொல்லுங்க!"

"என் முகத்துக்காக ஒரு கிழங்கு!" என்றது முயல்.

உருண்டைக்கோ எல்லார் முகமும் பிடித்திருந்தது. கிழங்கைத் தின்றது. காளானைத் தின்றது. நாவல் பழத்தைக் கொட்டையோடு விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் நின்ற இடமெல்லாம் வழுக்கியது. காட்டுப்பன்றியே மூக்கைப் பொத்திக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

"வைத்தியரைக் கூப்பிடுங்க! என் புள்ள போயிரும்!" என்று கரடி மண்ணில் புரண்டது.

ஓடைக்கு அக்கரையில் சூடாமணி என்ற கீரி வைத்தியம் பார்த்துவந்தது. காக்கை போய், "உசுரு போகுது, ஓடியாங்க!" என்று கத்தியது. முள்ளம்பன்றியின் காலுக்குப் பாதிக் கட்டுப் போட்டிருந்த கீரி, மீதிக் கட்டை அதன் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடி வந்தது. மூச்சு வாங்கியது.

"எங்கே நோயாளி? வழி விடுங்க! ஆ! யாரது என் வாலைக் கடிக்கிறது?"

"அதுதான் வைத்தியரம்மா நோயாளி!" என்று கரடி தேம்பியது.

கீரி திரும்பிப் பார்த்தது. உருண்டை அதன் வாலைக் கவ்விக்கொண்டு, பின்னங்காலை ஊன்றி, கயிறு இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கா என்னை இப்படி ஓட வச்சீங்க?" என்று கீரி சிரித்துவிட்டது. "குட்டி ஆடுது, ஓடுது. தண்ணி குடிக்குதா?"

"குளத்தையே குடிக்குது."

"வாந்தி? ரத்தம்?"

"அதெல்லாம் இல்லை."

"அப்புறம் என்ன? புது இடம், புதுத் தீனி. வயிறு மிரண்டு போச்சு. அதைக் கொஞ்சம் சும்மா விடு. அப்புறம் சோத்தைக் குழைய வேகவச்சு, கஞ்சியாக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு. தேன், ஈசல், பழம் எதுவும் வேண்டாம். குடிக்கத் தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும். அப்புறம் இந்தக் கூட்டத்தைக் கலைச்சு விடு. இவங்க முகத்துக்காகத் தின்னுதான் இந்தக் கூத்து!"

கரடி சொன்னபடி செய்தது. கஞ்சி உள்ளே போனது. வயிறு கட்டியது. உருண்டை பழையபடி எறும்புகளைத் துரத்திக்கொண்டு காடெல்லாம் ஓடியது.

வயிறு சரியாகிவிட்டது. ஆனால் காட்டின் வாய் சரியாகவில்லை. கரடிக்கு 'ஐயோ அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டது.

"ஐயோ அக்கா, சௌக்கியமா?" என்று வீரையன் கிளையில் தொங்கிக்கொண்டு கேட்டது.

"ஐயோ அக்கா, பையன் தும்முனானாமே! வைத்தியரைக் கூப்பிடட்டுமா?" என்று கோமளா கரைந்தது.

பூங்காவனம் சளைக்கவில்லை. குரங்குக்கு ஒன்று, காக்கைக்கு ஒன்று என்று சுடச்சுடப் பதில் கொடுத்தது. ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் முள்ளாகத் தைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் தன் வாயை மூடிக்கொள்வதென்று கரடி முடிவு செய்தது.

"இனிமே என்ன ஆனாலும் ஐயோன்னு சொல்லமாட்டேன். வைத்தியர்கிட்டயும் போகமாட்டேன்!"

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் உருண்டை, கரை ஒதுங்கிக் கிடந்த அழுகின மீனைத் தின்றுவிட்டு வந்தது. அது கரடிக்குத் தெரியாது. விடிந்ததும் குட்டி வாந்தி எடுத்தது.

கரடி முதலில் குட்டியைப் பார்க்கவில்லை. காக்கை பார்த்துவிட்டதா என்று மரத்தைப் பார்த்தது. பிறகு இலைகளைத் தள்ளி வாந்தியை மூடியது.

"ஒன்னுமில்லை. சரியாப் போயிரும்."

குட்டி மறுபடியும் வாந்தி எடுத்தது. "ஒன்னுமில்லை" என்று கரடி இன்னும் கொஞ்சம் இலையைத் தள்ளியது. வயிற்றாலும் போனது. கரடி அதையும் மூடியது. கஞ்சி வைத்துக் கொடுத்தது. குட்டி மோந்துகூடப் பார்க்கவில்லை.

உச்சி வெயிலில் வீரையன் வந்து கிளையை உலுக்கியது. "என்ன ஐயோ அக்கா, சத்தத்தையே காணோம்? புள்ள எங்கே?"

"உனக்கு வாய் வலிக்கவே வலிக்காதா? என் புள்ளைக்கு என்ன குறை? நிம்மதியாத் தூங்குது, போ!"

குரங்கு சிரித்துக்கொண்டே தாவிப் போனது. ஆனால் தான் சொன்ன வார்த்தை தனக்கே கேட்டதும் கரடிக்குத் திக்கென்றது. உருண்டையாவது, பகலில் தூங்குவதாவது!

கரடி குனிந்து பார்த்தது. உருண்டை தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. ஓர் எறும்பு அதன் மூக்கின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. எறும்பைக் கண்டால் விடாத குட்டி அசையவே இல்லை.

"உருண்டை! டேய் தங்கம்!"

வால் ஆடவில்லை. கரடி இலையில் தண்ணீர் மொண்டுவந்து வாயருகே வைத்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் மூடிய இலைகளைக் கரடி விலக்கியது. அங்கே ரத்தம் இருந்தது.

காட்டில் யாருக்கும் அஞ்சாத கரடி பதறிப்போனது. குட்டியைத் தூக்கி முதுகில் வைத்தது. பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாமல் அது சரிந்து விழுந்தது. உடனே கரடி அதன் பிடரியைப் பல்படாமல் மெல்லக் கவ்விக்கொண்டு கீரி வைத்தியரிடம் கிளம்பியது.

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு வழி குளக்கரையை ஒட்டிப் போகும். இந்த வெயிலுக்குக் காடே அங்கேதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு வழி மலையைச் சுற்றிப் போகும். அங்கே ஈ காக்கை இருக்காது. ஆனால் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

கரடி நின்றது. சிரிப்புச் சத்தம் இப்போதே காதில் கேட்டது. அந்த நேரத்தில் வாயில் தொங்கிய குட்டி ஈனமாக முனகியது.

கரடி குளத்து வழியில் பாய்ந்தது!

"பாருங்கடா! ஐயோ அக்கா கிளம்பிட்டா!" என்று வீரையன் கைதட்டியது.

"வைத்தியரம்மா, உங்க வாலைப் பத்திரமா வச்சுக்கோங்க!" என்று கோமளா கத்தியது. குளக்கரையே குலுங்கிச் சிரித்தது.

பூங்காவனத்துக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. அதுவும் சாதாரணப் பதிலா? வீரையனின் ஏழு தலைமுறையும் தலைகுனியும்படியான பதில்! பல் லேசாக விலகியது. குட்டி நழுவியது. கரடி சட்டென்று வாயை இறுக்கிக்கொண்டது. வந்த பதிலை அப்படியே விழுங்கிவிட்டு ஓடியது. பிறந்ததிலிருந்து அன்றுதான் அது ஒருவருக்குப் பதில் சொல்லாமல் போனது.

அப்போதுதான் குரங்கு குட்டியின் தொங்கும் கால்களைக் கவனித்தது. தட்டின கை பாதியில் நின்றது. குளக்கரையில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கரடி ஓடையைத் தாண்டி, கீரியின் முன்னால் உருண்டையைக் கிடத்தியது.

"வைத்தியரம்மா! இது அன்னைக்கு மாதிரி இல்லை!"

கீரி உடனே குனிந்தது. குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தது. ஈறு வெளுத்துக் கிடந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டது. தோல் கூடாரம்போல் அப்படியே நின்றது.

"உடம்புல தண்ணியே இல்லை. எப்ப இருந்து இப்படி?"

"விடிஞ்சதுல இருந்து."

"விடிஞ்சதுல இருந்தா? ஏன் அப்பவே வரலை?"

கரடி தலையைக் குனிந்துகொண்டது. "எல்லாரும் சிரிப்பாங்கன்னு..."

"சிரிக்கிறவங்க வயித்துலயா வலி? இன்னும் கொஞ்ச நேரம் மானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா, புள்ளையப் பார்த்திருக்க முடியாது!"

கரடியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கீரி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாந்தியை நிறுத்தும் மூலிகையை அரைத்து நாக்கில் தடவியது. உப்பும் கருப்பட்டியும் கரைத்த தண்ணீரைப் புல் தண்டால் சொட்டுச் சொட்டாக விட்டது. கொஞ்சம் பொறுத்தது. மறுபடியும் விட்டது.

"பிழைச்சுக்குமா?" என்று கரடி கேட்டது.

"இப்பச் சொல்ல முடியாது. தானா எழுந்து தண்ணி குடிக்கணும். குடிச்சா நம்ம புள்ள."

கரடி அங்கேயே உட்கார்ந்தது. அக்கரையில் குரங்கும் காக்கையும் வந்து நின்றன. கரடி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உருண்டையின் வயிறு ஏறி இறங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது போனதும் தெரியவில்லை, விடிந்ததும் தெரியவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் உருண்டையின் மூக்கு அசைந்தது. முன்னங்காலை ஊன்றியது. தள்ளாடியது. விழுந்தது. மறுபடியும் எழுந்து, இலையிலிருந்த தண்ணீரை நக்கியது. ஒரு வாய், இன்னொரு வாய். பிறகு கரடியைப் பார்த்து வாலை மெதுவாக ஆட்டியது.

"குடிச்சுட்டான்! வைத்தியரம்மா, என் புள்ள குடிச்சுட்டான்!" கரடி அழுதது, சிரித்தது, கீரியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியது.

"இறக்கி விடு! இன்னொரு நோயாளி உண்டாகிடப் போகுது!" என்று கீரி கத்தியது. தரையில் இறங்கியதும் மயிரைச் சரிசெய்துகொண்டு சொன்னது: "இங்க பாரு பூங்காவனம். அன்னைக்குக் காடு பதறுச்சு, நீயும் சேர்ந்து பதறினே. நேத்துக் காடு சிரிக்குமேன்னு நீ சும்மா இருந்தே. ரெண்டு நாளும் நீ பார்த்தது காட்டை. புள்ளையைப் பார்த்திருந்தா அதுவே சொல்லியிருக்கும். இனிமே சந்தேகம்னா வா. ஒன்னுமில்லைன்னா சிரிச்சுட்டுப் போவோம், அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

பிள்ளைக்கு நோய் வந்தால் ஊர் வாயைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். துள்ளுகிற பிள்ளைக்குப் பொறுமையே மருந்து, துவண்ட பிள்ளைக்கு வைத்தியரிடம் ஓடுகிற ஓட்டமே முதல் மருந்து.