காத்துக்கு விலை சொன்ன நரி

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய். அதன் வாயில் ஒரு குளம். குளத்தைச் சுற்றி உடைமரங்களும் சரளைக்கல் பொட்டலும். அந்தப் பொட்டலில் முயல்களும் கௌதாரிகளும் ஓணான்களும் ஆள்காட்டிக் குருவிகளும் குடியிருந்தன.

அங்கே ஒரு நரியும் இருந்தது. நரி என்றால் எல்லோருக்கும் பயம் கலந்த மரியாதை. "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஏனென்றால், பொட்டலுக்குக் காற்று வருவதே நரியால்தான் என்று நம்பினார்கள்.

காற்று அங்கே சின்ன விஷயம் இல்லை. கோடையில் அந்த இடம் அடுப்பு மாதிரி காயும். குளம் சேறாகிவிடும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து காற்று எழுந்து சாரலைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் குளத்தில் தண்ணீர் சேரும். காற்று வராத வருஷம் குஞ்சு குட்டி எதுவும் மிஞ்சாது.

நரிக்கு இந்தப் பெருமை வந்த கதை இதுதான். ஒருநாள் அது கோழி தேடி ஊருக்குள் போய், ஒரு டீக்கடையின் பின்பக்கம் ஒளிந்திருந்தது. உள்ளே இருந்த ஒருவர், "புழுங்குது! காத்தாடியைப் போடுப்பா!" என்றார். கடைக்காரர் சுவரில் எதையோ தட்டினார். மேலே தொங்கிய மூன்று இறக்கை சுற்றியது. ஜிலுஜிலுவென்று காற்று வந்தது.

நரி பொட்டலுக்குத் திரும்பியது. அங்கே ஆட்கள் ஓர் உயரமான தூணை நட்டு, அதன் தலையில் மூன்று இறக்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர், "காத்தாடி நடுறாங்க" என்றார்.

"அட! அதே காத்தாடி!" என்று நரி துள்ளியது. "சின்னது ஒரு கடைக்குக் காத்து குடுக்குது. இவ்வளவு பெருசு ஒரு காட்டுக்கே குடுக்குமே!"

அந்தப் பக்கத்தில் மின்விசிறிக்கும் காத்தாடி என்றுதான் பேர். காற்றில் சுற்றி மின்சாரம் எடுக்கிற ஆலைக்கும் காத்தாடி என்றுதான் பேர். ஒன்று காற்றைக் கொடுப்பது. இன்னொன்று காற்றை வாங்கிக்கொள்வது. நரிக்கு அது தெரியவில்லை. பேர் ஒன்றாக இருந்ததால் வேலையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டது.

தெரியாமல் நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசவும் செய்தது.

"இந்தக் காத்தாடியை ராத்திரியெல்லாம் காவல் காக்கிறது யாரு? நானு! இரும்பு திருட ஆள் வந்தா ஊளையிட்டுக் காவல்காரரை எழுப்புறது யாரு? நானு! நான் கண்ணசந்தா காத்தாடி போச்சு. காத்தாடி போனா காத்து போச்சு. எனக்குத் தெம்பு வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு ஒரு நண்டு பிடித்துக் கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து அதைவிட உயரமான காத்தாடி வந்தது. "காக்க வேண்டிய இரும்பு கூடிப்போச்சு" என்று நரி ஒரு மீனையும் சேர்த்துக் கேட்டது. அதையும் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் அந்தப் பழைய காத்தாடிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அவை இருந்த இடத்தில் ஒரே ஒரு காத்தாடி நட்டார்கள். அம்மாடி, அது என்ன உயரம்! பனைமேல் பனையாக அடுக்கினாலும் எட்டாது. அதன் ஒரு இறக்கையை ஏற்றி வந்த லாரி, குளத்துக் கரையில் திரும்ப முடியாமல் காலையிலிருந்து வெயில் சாயும்வரை நின்றது.

நரி தூணடியில் கூட்டம் போட்டது. "பாத்தீகளா உயரத்தை? பெருசுன்னா செலவும் பெருசு! இனிமே நண்டு, மீனெல்லாம் கட்டாது. கூட்டுக்கு ஒரு முட்டை. குட்டி போடுறவங்க ஈத்துக்கு ஒரு குட்டி."

முயல்கள் தங்கள் குட்டிகளைப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டன.

"இன்னும் கேளுங்க!" என்றது நரி. "இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு வரப்போகுது. அப்புறம் வரிசையா கணவாய் பூராவும். கடலுக்குள்ளயும் நடப்போறாங்களாம்! காவல்காரர் போன்ல பேசினதை நானே கேட்டேன். உலகம் பூரா இப்ப இதுதான் யாவாரம்!"

"கடல்ல நடுற காத்தாடிக்கும் நாங்கதான் குடுக்கணுமா அண்ணாச்சி? மீனுகளைக் கொஞ்சம் கேட்டுப் பாக்கலாமே!" என்றது ஓணான்.

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நரி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

பெரிய காத்தாடி சுற்றத் தொடங்கிய அன்றைக்கே காற்றும் எழுந்தது. உண்மையில் அது காற்று எழுகிற மாசம்தான். ஆனால் எல்லோரும் காத்தாடியைப் பார்த்தார்களே தவிர, மாசத்தைப் பார்க்கவில்லை. முயலக்கா ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டாள். கௌதாரி ஒரு முட்டை கொடுத்தாள். வெயிலாளும் கொடுத்தாள்.

வெயிலாள் என்பவள் ஓர் ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. அவளுக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கூட்டத்தில் எப்போதும் பின்னால்தான் நிற்பாள். சரளைக்கல்லுக்கு நடுவே கல்லோடு கல்லாக நாலு முட்டை இட்டிருந்தாள். நரி வந்து ஒன்றை எடுத்தபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றுக்கடியில் ஓரிடம் காலியாக இருந்தது.

சில நாளில் நரி மறுபடியும் வந்தது. "பக்கத்துக் காத்தாடிக்குக் குழி தோண்டியாச்சு. அதுக்கும் ஒண்ணு எடுத்து வை. நாளைக் கழிச்சு கூட்டத்துல வாங்கிக்கிறேன்."

"இன்னும் நடவே இல்லையே அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முன்னாடியே குடுத்தாத்தான் முன்னாடியே நடுவாங்க!" என்று சொல்லிவிட்டு நரி போய்விட்டது.

அன்று முழுக்க வெயிலாளுக்கு அதே நினைப்பு. வெயில் ஏற ஏறக் குளத்துக்கு ஓடினாள். நெஞ்சு இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிரவைத்தாள். மறுபடியும் ஓடினாள். ஓடும்போதெல்லாம் நிமிர்ந்து அந்த இறக்கைகளைப் பார்த்தாள். காத்தாடி வருஷா வருஷம் வளருது. ஒண்ணு பலவாகுது. நான் இடுறது மட்டும் என்னைக்கும் நாலுதானே? இப்படியே போனால் ஒருநாள் காத்து நிறைய இருக்கும், குளம் நிறைய இருக்கும், குடிக்கக் குஞ்சு இருக்காது.

சாயங்காலம் காற்று கொஞ்சம் திசை மாறியது. அடைகாக்கிற பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் உட்காரும். முதுகு கொடுத்தால் இறகு பிரிந்துவிடும். வெயிலாளும் முட்டை நகராமல் மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். மேலே "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். காத்தாடியின் தலை மெதுவாகத் திரும்பியது. வெயிலாள் எந்தப் பக்கம் பார்த்தாளோ அதே பக்கம் வந்து நின்றது.

வெயிலாள் கழுத்தை நீட்டி மேலே பார்த்தாள்.

"ஏங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "காத்து முதல்ல திரும்புச்சு. காத்தாடி அப்புறமாத்தான் திரும்புச்சு. அது காத்தைக் கொண்டுவர்ற மாதிரி இல்லீங்க. வர்ற காத்தைப் பாத்துத் திரும்புற மாதிரி இருக்கு."

"நீ அதையெல்லாம் பேசாதே!" என்றான் புருஷன். "அண்ணாச்சி கோவிச்சுக்கிட்டுக் காத்தை நிறுத்திட்டா? சாரலே வராமப் போயிட்டா? இந்த மூணும் வெந்துபோயிரும். ஊரே நம்மளைத்தான் திட்டும்."

அவன் சொன்னதும் சரிதான். தான் நினைத்தது தப்பாக இருந்தால், தன் முட்டை மட்டுமா போகும்? எல்லோர் பிள்ளைகளும் போய்விடும். வெயிலாளுக்கு அந்தப் பயத்தில் இரை இறங்கவில்லை. ஆனால் வயிற்றுக்கடியில் காலியாக இருந்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

கூட்டத்து நாள் வந்தது. நரி தூணடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டது.

"வெயிலாள்! எங்கே முட்டை?"

"கொண்டாரல, அண்ணாச்சி."

"ஏன்?"

வெயிலாள் ஓர் அடி முன்னால் வந்தாள். "ஒரு தடவை... ஒரே ஒரு தடவை காத்தை நிறுத்திக் காட்டுங்க. அப்புறம் தர்றேன்" என்றாள்.

"ஐயோ மதினி!" என்று கௌதாரி அலறினாள். "எங்க குடியைக் கெடுத்துராதீங்க! வாயை மூடுங்க!"

"உனக்கு வேண்டாம்னா மூக்கைப் பொத்திக்க! எங்களுக்குக் காத்து வேணும்!" என்று கத்தியது ஒரு கிழ முயல்.

நரிக்கு ஒரு கணம் முகம் சுருங்கியது. அப்புறம் மெல்ல மலர்ந்தது. காலையில்தான் காவல்காரர் போனில் பேசியதைக் கேட்டிருந்தது. காத்தாடிக்குள் ஏறி எண்ணெய் போட ஆட்கள் வருகிறார்களாம். உச்சி வேளையில் அதை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவார்களாம்.

"நிறுத்திக் காட்டணுமா? சரி!" என்றது நரி. "இன்னைக்கு உச்சிப்பொழுதுக்கு நிறுத்துறேன். நின்னுச்சுன்னா உன் மூணு முட்டையும் எனக்கு. சம்மதமா?"

வெயிலாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைத் தொங்கப்போட்டிருந்தான்.

"சம்மதம்" என்றாள்.

சூரியன் உச்சிக்கு வந்தது. ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தூணின் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். நரி பின்காலில் நின்று, மேலே பார்த்து நீளமாக ஊளையிட்டது.

சுற்றிக்கொண்டிருந்த இறக்கை தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. நின்றேவிட்டது.

"போச்சே! எல்லாம் போச்சே!" என்று கூட்டம் அழுதது. முயலக்கா மிச்சமிருந்த குட்டிகளை மடியில் அணைத்துக்கொண்டாள். கௌதாரி வெயிலாளைக் கொத்தவே வந்துவிட்டாள். எல்லோர் கண்ணும் மேலே, நின்றுபோன இறக்கையின் மேலேதான் இருந்தது.

வெயிலாள் மட்டும் மேலே பார்க்கவில்லை. பக்கத்திலேயே இருந்த கூட்டுக்குப் போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியாக ஒரு தடவை அணைத்துக்கொள்ளத்தான் போனாள். பழக்கத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தாள்.

முகம் கொடுத்து உட்கார்ந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். "என் இறகைப் பாருங்க! எல்லாரும் இங்க பாருங்க!"

நெஞ்சு இறகு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அட, ஆமா! என் வாலும் ஆடுதே!" என்றது ஓணான்.

உடைமரம் வளைந்து ஆடியது. குளத்தில் அலை அடித்தது. முயல்களின் காது பின்பக்கம் மடிந்தது. நரியின் வாலே சுருண்டு அதன் மூஞ்சியில் அடித்தது. காத்தாடி கல்லாக நின்றது. காற்று முன்னைப்போலவே வீசிக்கொண்டிருந்தது.

நரி மேலே பார்த்தது. கீழே பார்த்தது. அதற்கு ஒன்றுமே புரியவில்லை.

"இது... இது மிச்சக் காத்து!" என்றது. "முன்னாடி சுத்தினது மிச்சம் கிடக்கு. இப்ப தீர்ந்துரும்!"

"சரி, தீரட்டும். இருந்து பாப்போம்" என்று ஓணான் ஒரு கல்லில் ஏறிப் படுத்துக்கொண்டது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. மிச்சக் காத்து தீரவில்லை. மாறாக, மலையைத் தாண்டிக் கருமேகம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. பொட்டுப் பொட்டாகச் சாரல் விழுந்தது. ஆட்கள் இறங்கிப் போனபிறகு இறக்கை மறுபடியும் சுற்றத் தொடங்கியது. இந்தத் தடவை யாரும் அதைப் பார்க்கவில்லை. நரியைத்தான் பார்த்தார்கள்.

முயலக்கா முன்னால் வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. "அப்போ எம் பிள்ளையை எதுக்குக் குடுத்தேன், அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

நரி ஓர் அடி பின்வாங்கியது.

"சத்தியமா நானும் அப்படித்தான் நம்பினேன்!" என்றது நரி. "உங்களை ஏமாத்தணும்னு நினைக்கவே இல்லை! எனக்கும் தெரியாதே!"

"நம்பினது சரி, அண்ணாச்சி," என்றாள் வெயிலாள். "தின்னது நீங்க மட்டும்தானே?"

நரி சாரலில் நனைந்துகொண்டே கணவாய்ப் பக்கம் நடந்து போய்விட்டது. யாரும் அதைத் துரத்தவில்லை. துரத்தினாலும் கொடுத்தது திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த காத்தாடியையும் ஆட்கள் நட்டார்கள். அதற்கடுத்ததையும் நட்டார்கள். வெயிலாளின் குஞ்சுகள் மூன்றும் அவற்றின் நிழலில்தான் ஓடப் பழகின. காத்தாடிகளோடு அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. அவை தம் பாட்டுக்குச் சுற்றின, அவள் தன் பாட்டுக்கு இரை பொறுக்கினாள்.

எல்லோருக்கும் பொதுவாக வருகிற ஒன்றுக்கு ஒருவன் விலை சொன்னால், அதைக் கொண்டுவருகிறவன் அவன்தானா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். கொடுத்தபிறகு கேட்டால் பதில் கிடைக்கும், கொடுத்தது கிடைக்காது.