கோர்மக்கின் பட்டடைக்கல்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். நான் கேலி செய்ய மாட்டேன்.

ஏழு கடலுக்கு அப்பால், மழை ஓயாத அயர்லாந்து தீவில், முன்பொரு காலத்தில் கோர்மக் என்றொரு கொல்லன் இருந்தான். இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கல்லைக் கொல்லன் இடப்புறமாக மூன்று சுற்றுத் திருப்பி ஒருவர் பெயரைச் சொன்னால், அவர் குடும்பமே அழிந்துபோகும் என்று அந்த ஊர் நம்பியது. திருப்பிவிட்டு வருகிறவன் முகத்தில் விழித்தாலும் சாபம் ஒட்டிக்கொள்ளுமாம்.

கோர்மக் ஒருநாளும் கல்லைத் திருப்பியதில்லை. அவ்வளவு கனத்தை யார் திருப்புவது? மிரட்டலே அவனுக்குப் போதுமாக இருந்தது.

நெசவாளி ரோனனிடம் போய், "கம்பளியைக் குடுக்கிறியா, கல்லைத் திருப்பட்டுமா?" என்றான். கம்பளி வந்தது. இடையனிடம் கேட்டான், ஆட்டுக்குட்டி வந்தது. விதவை ஊனாவிடம் கேட்டான். அவளுடைய ஒரே பசுவும் வந்தது. மனிதனுக்குத் திமிர் தலைக்கேறியது. மனைவியை இழந்த அவனுக்கு எத்னா என்று சின்னஞ்சிறு மகள். அவள்மேல் மட்டும் உயிரையே வைத்திருந்தான்.

ஒரு மாலை, ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடிய எத்னா ஊருக்கு வெளியே புதைசேற்றில் விழுந்தாள்.

"அப்பா! காலை என்னமோ இழுக்குதுப்பா!"

கோர்மக் ஓடிவந்தபோது சேறு அவள் இடுப்புவரை ஏறியிருந்தது. கயிற்றைக் கட்ட ஒரு மரம்கூட அங்கே கிடையாது. இறங்கிப் பார்த்தவன் தானும் புதைந்து, தட்டுத்தடுமாறிக் கரையேறினான். ஒற்றை ஆள் இறங்கினால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

"அசையாம இரு கண்ணு, இதோ வந்துடறேன்!" என்று ஊருக்குள் ஓடினான். உடம்பெல்லாம் சேறு. வாயில் அலறல். அவன் வருவதைப் பார்த்த ஊர் என்ன நினைத்தது தெரியுமா? ஐயோ, கல்லைத் திருப்பிவிட்டான்!

ரோனன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. இடையன் வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. ஊனாவின் கதவை அவன் உடைக்கிற மாதிரி தட்டினான்.

"என் பொண்ணு சேத்துல போறாம்மா! கதவைத் தொற!"

உள்ளே ஊனா காதைப் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். "என் பேரைச் சொல்லிடாதீங்கய்யா! அதான் பசுவைக் குடுத்துட்டேனே!" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அவன் திரும்பி ஓடினான். மகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். பதில் வரவில்லை. அவள் நின்ற இடத்தில் சேறு மூடிக் கிடந்தது.

ஊரைப் பயமுறுத்தி வாழ்கிறவனுக்கு, உயிர் போகிற நேரத்தில் ஊர் இருக்காது.