காளான் போட்ட மூன்றாவது நிபந்தனை

கறையானும் காளானும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போதும் கறையான்களுக்குப் புற்றுக் கட்டத் தெரியும். கட்டிய புற்றுக்குள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடத்தான் தெரியாது. மரத்தைக் கடிக்கும், மெல்லும், விழுங்கும், விழுங்கியது செரிக்காது. வயிறு கல்லாக இறுகிக்கொள்ளும். பெரியவர்கள் முனகிக்கொண்டே நாளை ஓட்டினார்கள். குஞ்சுகளால் முடியவில்லை. பிறந்த குஞ்சுகளில் பாதி, நடக்கப் பழகும் முன்பே செத்துப் போயின.

ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில், மேட்டாங்காட்டு வேலியோரமாக ஏழு புற்றுகள் இருந்தன. ஏழிலும் இதே கதைதான். கிழக்குப் புற்றில் செம்பாயி என்றொரு கறையான் இருந்தாள். குஞ்சுகளுக்கு ஆகிற மரம் எது என்று தேடிப் பார்ப்பது அவள் வேலை. புளியை எச்சிலில் ஊறவைத்துப் பார்த்தாள், ஆகவில்லை. முருங்கையைக் காயவைத்துப் பார்த்தாள், ஆகவில்லை. வேம்பைத் தின்று பார்த்த பன்னிரண்டு பேர் அன்றைக்கே சுருண்டு விழுந்தார்கள். அதில் ஒருத்தி செம்பாயியின் கூடப்பிறந்த குன்னாயி.

கிழக்குப் புற்றின் காவல் தலைவர் பெருந்தலையார். சிப்பாய்க் கறையான்களுக்கே தலை பெரிது. இவருக்கு இன்னும் பெரிது. அந்தத் தாடையை வைத்துக்கொண்டு எதிரியைக் கடிக்கலாம், ஒரு துரும்பை மெல்ல முடியாது. வேலைக்காரக் கறையான்கள் மென்று ஊட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு. அப்படிப்பட்டவர், பன்னிரண்டு பேரைப் புதைத்த கையோடு எல்லோரையும் கூட்டிவைத்து ஓர் உத்தரவு போட்டார். வேம்பு விஷயம் புற்றைத் தாண்டிப் போகக்கூடாது, பக்கத்துப் புற்றுக்காரன் கேட்டால் சிரிப்பான் என்றார். செம்பாயி தங்கையை நினைத்து அழுதுகொண்டிருந்தாள். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வருஷம் காற்றில் ஒரு வாகை மரம் வேலிமேல் சாய்ந்தது. கிழக்குப் புற்றுக்காரர்கள் ஒரு முனையிலிருந்து அதைக் குடைந்தார்கள், மேற்குப் புற்றுக்காரர்கள் மறுமுனையிலிருந்து குடைந்தார்கள். ஒரு நாள் நடுக்கட்டையில் தடுப்பு உடைந்து, செம்பாயியின் மூக்கு இன்னொருத்தியின் மூக்கில் இடித்தது. அவள் மேற்குப் புற்றின் நாச்சக்கா. அங்கே மரம் தேடுகிற வேலை அவளுக்கு. வழக்கப்படி இருவரும் கடித்துக் குதறிக்கொண்டிருக்க வேண்டும். இருவருக்கும் வயிற்றுவலி, அதனால் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாச்சக்காதான் பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மிணி, எதத் தின்னாலும் வேம்ப மட்டும் தொட்றாதீங்க. போன மாசம் எங்கள்ல பதினேழு பேரு போயிட்டாங்க. ரெண்டு பேரு எங்கூடப் பொறந்தவங்க."

செம்பாயி கணக்குப் பார்த்தாள். கிழக்குப் புற்றில் பன்னிரண்டு பேர் போனது அதற்கும் முந்தைய மாதம்.

"எங்களுக்கு அது முன்னாலயே தெரியுமுங்க அக்கா," என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லலையாக்கும்?"

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு செம்பாயியைத் தூங்கவிடவில்லை. பின்னால் விசாரித்தபோது, ஏழு புற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக வேம்பைத் தின்று செத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு புற்றுக்காரனாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் மிச்ச ஆறு புற்றும் தப்பித்திருக்கும். ஏழு புற்றிலும் ஏழு தலைவர்கள், ஏழு பேரும் இது ரகசியம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

இருவரும் அழுதுகொண்டிருந்தபோது கட்டையின் ஈரமான இடுக்கிலிருந்து ஒரு குரல் சலித்துக்கொண்டது.

"அழறதுன்னா அக்கட்டால போயி அழுங்க. எனக்கே நூறு கவலை."

அது ஒரு காளான். வெள்ளை வெளேரென்று, மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் மரம் ஊறவைத்த அவல் போல மெத்தென்று இருந்தது. செம்பாயி ஒரு வாய் எடுத்துத் தின்றாள். நாச்சக்காவும் தின்றாள். இருவரும் காத்திருந்தார்கள். வயிறு இறுகவில்லை. பிறந்தது முதல் இல்லாத அதிசயமாக, வலி என்பதே இல்லாமல் அவர்கள் அன்று பொழுதெல்லாம் அங்கேயே கிடந்தார்கள்.

காளானுக்கு என்ன கவலை என்று செம்பாயி கேட்டாள். காளான் கொட்டித் தீர்த்துவிட்டது. மழை நின்றால் அது வாடும். சித்திரை வெயிலில் கருகும். மரம் தீர்ந்தால் அடுத்த மரத்துக்கு நடந்துபோகக் கால் கிடையாது. வருஷா வருஷம் செத்துப் பிழைப்பதே அதன் பிழைப்பு.

"மரத்தக் கரைக்க எனக்குத் தெரியும், ஊடு கட்டத் தெரியாது. உங்களுக்கு ஊடு கட்டத் தெரியும், சோறாக்கத் தெரியாது. இது எனக்கு எத்தன வருசமாத் தெரியுது. கேக்கத்தான் ஒரு நாதியில்ல."

அப்படியானால் எங்கள் புற்றுக்குக் குடிவந்துவிடேன் என்றாள் செம்பாயி. காளான் மூன்று நிபந்தனை சொன்னது. வெயில் காலத்திலும் குளிர்ச்சியான அறை வேண்டும். மரத்தை மென்று கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மூன்றாவதை நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

"வருசத்துல ஒருக்கா, இடி இடிச்சு மழை பேஞ்சா நான் வெளிய தலைய நீட்டணும். கொடைய விரிச்சு என்ர வெதத்தூள உதுத்து விடுவேன். எந்தப் புத்துக்காரன் வந்தாலும் அள்ளிட்டுப் போகட்டும். தடுக்கப்படாது. ஒரே ஊட்டுக்குள்ள அடஞ்சு கெடந்தா நான் சீக்காயிருவேன்."

நாச்சக்கா தன் புற்றுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். கிழக்குப் புற்றுக்காரன் முதலில் தின்று பார்க்கட்டும், அவன் செத்தானா பிழைத்தானா என்று தெரிந்தபிறகு நாம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் அங்கிருந்த தலைவர்கள்.

கிழக்குப் புற்றில் நடந்தது அதைவிடக் கூத்து. காளானை எந்த வழியாக உள்ளே கொண்டுவருவது என்று ஆராய ஒரு குழு போட்டார் பெருந்தலையார். காளான் செடியா, பூச்சியா என்று முடிவுசெய்ய இன்னொரு குழு. அது இரண்டும் இல்லை என்று அவர்கள் வந்து சொன்னதும், அப்படியானால் யாருடைய பொறுப்பில் வைப்பது என்று மூன்றாவது குழு. பிறகு, இதைக் கண்டுபிடித்த பெருமை வாகைக்கட்டைக்குப் போன செம்பாயிக்கா, அவளை அனுப்பிய பெருந்தலையாருக்கா என்று ஒரு வாரம் பேசினார்கள். இதெல்லாம் முடிய மார்கழி போய்ப் பங்குனி வந்துவிட்டது. அதற்குள் செம்பாயி தன் வாயால் ஊட்டி வளர்த்த குஞ்சுகளில் நாற்பது போய்விட்டன. செத்த குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு அவள் கூட்டம் நடக்கிற இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

கடைசியில் பெருந்தலையார் முதல் இரண்டு நிபந்தனைக்கும் தலையாட்டினார். மூன்றாவதைக் கேட்டதும் தாடையை ஒருமுறை திறந்து மூடினார்.

"சரீன்னு சொல்லிக் கூட்டியாந்துரு. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' செம்பாயிக்கு உறுத்தியது. ஆனாலும் குஞ்சுகளின் முனகல் காதில் விழுந்துகொண்டே இருந்ததால், போய்ச் சரி என்று சொல்லிக் காளானை வாயில் சுமந்து அழைத்துவந்தாள்.

கறையான்கள் மரத்தை மென்று மென்று அடுக்கின. தேனடை மாதிரி அடுக்கடுக்காக ஒரு தோட்டம் எழுந்தது. அதில் காளான் முத்து முத்தாகப் பூத்தது. குஞ்சுகள் தின்றன, தூங்கின, எழுந்து மறுபடி தின்றன. புற்றுக்குள் முதன்முறையாக முனகல் ஓய்ந்தது. செம்பாயி அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஆனியில் இடி இடித்தது. மழை மண்ணை நனைத்ததும் காளான் மேலே முட்ட ஆரம்பித்தது. கூரையை இரண்டு பங்கு கனமாகப் பூசச் சொன்னார் பெருந்தலையார். மேற்குப் புற்றுக்காரர்கள் இப்போது ஆசைப்பட ஆரம்பித்துவிட்டார்கள், நம் புற்றில் விளைந்தது நம் புற்றோடு இருக்கட்டும் என்பது அவர் வாதம். பூசுகிற வேலையைச் செம்பாயியிடமே கொடுத்தார்கள். அவள் மண்ணை வாயில் கவ்விக்கொண்டு போனபோது காளான் கீழேயிருந்து கேட்டது.

"வாக்குக் குடுத்தது நீதான அம்மிணி?"

அவள் பூசினாள். வாய் நிறைய மண் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள். அன்று முழுவதும் வெட்கம் அவளைத் தின்றது. பூசி முடித்ததும், தோட்டத்திலிருந்து ஓர் உருண்டையைப் பிய்த்து வாயில் அடக்கிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வாகைக்கட்டைக்குப் போனாள். நாச்சக்காவின் முன்னால் அதை வைத்தாள்.

நாச்சக்கா முகர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சா உன்ன ரெண்டாக் கடிச்சுப் போடுவாங்களே."

"தெரியுமுங்க அக்கா. கொண்டு போங்க. மத்தவங்களுக்கும் குடுங்க."

காளான் சொன்னது சொன்னபடியே நடந்தது. அடைபட்டுக் கிடந்த காளான் அடுத்த கோடைக்குள் நோயில் விழுந்தது. முத்துகள் சிறுத்தன, பிறகு நின்றன. தோட்டத்தின் மூலையில் கரும்பூஞ்சை பிடித்து, அடுக்கடுக்காக ஏறியது. பழையபடி குஞ்சுகள் முனகத் தொடங்கின. வெளியாள் எவனோ செய்த வேலை என்றார் பெருந்தலையார். சுவரை இன்னும் கனமாக்கச் சொன்னார். பூஞ்சை உள்ளே இருக்கிறது, இந்த மனிதர் வெளிச்சுவரைப் பூசச் சொல்கிறார்! பூசினார்கள். குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. உடனே ஒரு குழு போட்டார்.

அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கிற கூட்டத்தில்தான் செம்பாயி எழுந்தாள்.

"மேக்குப் புத்துல நம்ம காளான் நல்லா இருக்குதுங்க. நாந்தான் குடுத்தேன்."

சிப்பாய்கள் அவளைச் சுற்றி வளைத்தார்கள். அத்தனை தாடைகளும் திறந்தன. பயத்தைவிடச் செம்பாயிக்குச் சலிப்புதான் அதிகமாக இருந்தது. பன்னிரண்டு பேர், பதினேழு பேர், நாற்பது குஞ்சுகள் என்று எண்ணியெண்ணி அவள் சலித்துப்போயிருந்தாள்.

"கடிக்கறதுன்னா கடிச்சுக்குங்க. அதுக்கு மின்னால யாராச்சும் வாகைக்கட்டைக்குப் போயி, நாச்சக்காகிட்ட ஒரு உருண்ட வாங்கிட்டு வந்துருங்க. கொழந்தைங்க பசியில கெடக்குது."

கூட்டத்தில் இருந்த வேலைக்காரக் கறையான்களில் முதலில் ஒருத்தி திரும்பி நடந்தாள். அவள் பின்னால் நாலு பேர், அவர்கள் பின்னால் நூறு பேர். எல்லோரும் வாகைக்கட்டையைப் பார்த்து நடந்தார்கள். நில்லுங்கள் என்று கத்தினார் பெருந்தலையார். ஒருவரும் நிற்கவில்லை. சிப்பாய்களுக்கு அப்போதுதான் உறைத்தது, இவர்கள் போனால் தங்களுக்கு ஊட்ட ஆள் இல்லை என்பது. திறந்த தாடைகளை மெல்ல மூடிக்கொண்டார்கள்.

நாச்சக்கா தானே வந்தாள். மூன்று புற்றுகளிலிருந்து மூன்று உருண்டைகளைக் கொண்டுவந்தாள். செம்பாயி கொடுத்த ஓர் உருண்டை அதற்குள் ஆறு புற்றுக்கும் போயிருந்தது. கரும்பூஞ்சை அங்கேயும் வந்திருக்கிறது. எச்சிலால் துடைத்தால் அது ஒழிகிறது என்று வடக்குப் புற்றில் ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். அடியில் இருக்கும் பழைய அடுக்கை முதலில் தின்றுவிட்டால் பூஞ்சை ஏறாது என்று ஓடையோரப் புற்றுக்காரர்கள் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். இந்த முறை யாரும் மறைக்கவில்லை. வாகைக்கட்டையில் கூடிக்கூடிப் பேசியிருக்கிறார்கள். அத்தனையையும் நாச்சக்கா சொல்லிக்கொடுத்தாள்.

பெருந்தலையார் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. காளான் எங்களிடமிருந்து போனதுதானே, அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்ததும் எங்களுக்குத்தான் சொந்தம் என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல கொழந்தைங்களுக்கு ஊட்டுங்க. சொந்தம் கொண்டாடறத அப்புறம் வெச்சுக்கலாம்," என்றாள் நாச்சக்கா. கிழக்குப் புற்றின் குஞ்சுகளுக்கு முதல் வாய் ஊட்டியதும் அவள்தான்.

புதுத் தோட்டத்தில் காளான் மறுபடி வேர்விட்டது. ஆனால் முத்து விடுமுன் செம்பாயியைக் கூப்பிட்டு, மூன்றாவது நிபந்தனை என்ன ஆயிற்று என்று கேட்டது. இந்தத் தடவை அவள் யாரிடமும் போய் உத்தரவு கேட்கவில்லை. ஆனி மழையில் முதல் இடி கேட்டதும் கூரைமேல் ஏறி, தான் பூசிய மண்ணைத் தானே கடித்துக் கடித்துத் திறந்தாள். காளான் முட்டிக்கொண்டு எழுந்தது. காற்றைக் குடித்தது. வெள்ளைக் குடையை மெல்ல விரித்தது. ஆறு புற்றுகளிலிருந்தும் கறையான்கள் சாரி சாரியாக வந்து, அதன் தூளைக் கேட்பாரின்றி அள்ளிக்கொண்டு போயின.

பெருந்தலையாரால் இதைத் தாங்க முடியவில்லை. தடுக்கவும் வழியில்லை. நம் வீட்டுப் பண்டத்தை ஊரே அள்ளிக்கொண்டு போகிறதே என்று, அந்தப் பெரிய தலையை மண்சுவரில் 'டக், டக்' என்று அடித்துக்கொண்டார். அவர் அடித்துக்கொள்வதைக் கேட்டு மற்ற சிப்பாய்களும் அடித்துக்கொண்டார்கள். உள்ளே குஞ்சுகள் அந்தச் சத்தத்திலேயே தின்றுவிட்டுத் தூங்கின.

அந்த ஆனி மழையிலிருந்துதான், இடி இடித்து மண் நனைந்ததும் புற்றின் தலையில் காளான் குடை விரிக்கிறது. ஒரு புற்றின் காளான் ஒன்பது புற்றில் முளைக்கிறது. கூடையோடு பறிக்கப் போகிறவர்கள் புற்றில் காதை வைத்துக் கேட்டால், உள்ளே 'டக், டக்' என்று சத்தம் வரும். ஆள் வருகிறது என்று சிப்பாய்க் கறையான்கள் எச்சரிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்களே என்று இன்னும் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.