முப்பத்தொன்பது நன்றியும் ஒரு சிட்டிகை உப்பும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மாதங்கபுரத்தை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிட முணுமுணுத்தான் என்று சொல்லலாம். சோற்றில் கல் என்பான், கல் இல்லாவிட்டால் சோறு குழைந்துவிட்டது என்பான். நாளுக்கொரு குறையைத் தேடிக் கொண்டுவந்து அவன் காதில் ஓதுவது தளவாய் பூதலிங்கத்தின் வேலை. அந்த வேலையிலேயே அவர் மூன்று வீடு கட்டிவிட்டார்.

அதே சபையில் சங்கிலிமுத்து என்று ஒரு கட்டியக்காரன். தினமும் காலையில் வெள்ளித்தடியைத் தரையில் தட்டி, ராஜாவின் பட்டங்களை முழங்குகிறவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் அவனுக்குக் குரலே போய்விட்டது. பிழைப்பே போச்சு என்று அழுதான். அந்த அழுகைக்கும் சத்தம் வரவில்லை. குரல் திரும்பிய அன்று ஒரு சபதம் எடுத்தான்: இனி உயிருள்ளவரை தினமும் என் முதல் வார்த்தை ஒரு நன்றிதான்.

மறுநாள் சபையில் தடியைத் தட்டி முழங்கினான்: "இன்று மகாராஜா முகம் கழுவத் தண்ணீர் இறைத்த ஆண்டிச்சிக்கு நன்றி!" பட்டங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சபை சிரித்துவிட்டது. தளவாய்க்கு மட்டும் வயிறு எரிந்தது. "மகாராஜா, உங்கள் பெயருக்கு முன்னால் தண்ணீர் இறைக்கிறவள் பெயரா?"

ராஜா முறைத்தான். "ஏன்டா, நன்றி சொல்ல இந்த நாட்டில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது?"

"தினமும் ஒன்று கிடைக்கும், மகாராஜா."

"அப்படியா? நாற்பது நாள் சொல். சொன்னதையே திருப்பிச் சொன்னாலோ, ஒரு நாள் வாயடைத்து நின்றாலோ, தடியை வைத்துவிட்டு நாட்டை விட்டே போய்விட வேண்டும். ஜெயித்தால் கேட்டது கிடைக்கும்."

"சரிங்க மகாராஜா" என்றான் சங்கிலிமுத்து. மன்னிப்புக் கேட்டிருந்தால் தப்பியிருப்பான். கேட்கவில்லை.

செருப்புத் தைத்தவர், யானைக்குத் தழை வெட்டியவர், வழிவிட்ட எருமை என்று முப்பத்தேழு நாள் சொல்லி முடித்தான். சபைக்குக் கூட்டம் கூடியது. தளவாய் கொண்டுவரும் குறைகளைக் கேட்க ஆளில்லை. அவர் ராஜாவிடம் போனார். "வெளியே திரிகிறவனுக்கு ஆயிரம் கிடைக்கும், மகாராஜா. மிச்சம் மூன்று நாளும் காலிக் களஞ்சியத்தில் பூட்டி வைப்போம். உப்பில்லாத கஞ்சி மட்டும் கொடுப்போம். காலையில் சபைக்குக் கூட்டி வந்தால் போதும்."

ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. சரி என்றான்.

முப்பத்தெட்டாம் நாள் சங்கிலிமுத்து ஓட்டு இடுக்கில் வந்த வெயிலுக்கு நன்றி சொன்னான். தளவாய் இடுக்கை அடைத்தார். மறுநாள் கதவடியில் நுழைந்து துணைக்கிருந்த அணிலுக்குச் சொன்னான். தளவாய் அந்த இடைவெளியையும் அடைத்தார். இனி இருட்டும் கஞ்சியும்தான். சங்கிலிமுத்துவுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், தோற்றுப் போவதற்காகவா இந்தக் குரல் திரும்பி வந்தது என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

நாற்பதாம் நாள் தடியைத் தட்டினான். "உப்புக்கு நன்றி!"

தளவாய் துள்ளி எழுந்தார். "பொய்! மூன்று நாளாக இவனுக்கு ஒரு கல் உப்புகூடக் கொடுக்கவில்லை."

"கொடுக்காததால்தான் தெரிந்தது, ஐயா. முப்பத்தேழு நாள் ஊரெல்லாம் தேடினேன். தினமும் தின்கிற உப்பு என் கண்ணில் படவே இல்லை. மகாராஜா நம்பாவிட்டால், அந்தக் கஞ்சியை ஒரு நாள் குடித்துப் பார்க்கட்டும்."

ராஜா விடுவானா? மூன்று வேளையும் அதையே குடித்தான். மறுநாள் காலை அதே கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். சட்டியின் அடிவரை குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றான். சமையல்காரன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உப்பு விளைத்தவர்களை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, சங்கிலிமுத்து. ஜெயித்துவிட்டாய். என்ன வேண்டும், கேள்."

"தினமும் காலையில் முதல் நன்றியை நீங்களே சொல்ல வேண்டும், மகாராஜா."

"சொல்கிறேன். ஆனால் அடுத்த நாற்பது நாள் என் முறை இல்லை" என்ற ராஜா, தளவாய் பக்கம் திரும்பினான். "உம் முறை. அதே நிபந்தனைதான்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. தளவாய் வெள்ளித்தடியைத் தட்டினார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. குறையென்றால் நூறு சொல்வார். தொண்டை வறண்டது. இவரும் நாட்டை விட்டுப் போகவேண்டியதுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

குரல் வராத வேதனை சங்கிலிமுத்துவுக்குத் தெரியும். ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினான்.

தளவாய் மடமடவென்று குடித்தார். காலிச் செம்பைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, சங்கிலிமுத்துவின் காதருகே மெல்லக் கேட்டார்:

"தண்ணீர் இறைக்கிறாளே, அந்த அம்மாள் பேர் என்னப்பா?"